மாடி அறைக்கு ஒரு நெட் பாயிண்ட்

"வாங்கிட்டேன்" என்றார் அப்பா.

"என்ன வாங்கினீங்க?"

"வயர். நூறடி. டுவேன் கடையில நீலம்தான் இருந்தது. உனக்கு நீலம் பரவாயில்லையா?"

ஐலி காங்கஸ் முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏழு வருஷமாக அவள் வேலை பார்ப்பது இப்படித்தான். மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் செய்து அழுகிறவர்களுக்கும் திட்டுகிறவர்களுக்கும் வீட்டிலிருந்தே பதில் சொல்லும் வேலை. அந்த அறையில் வயர் என்று இருந்தது லேப்டாப் சார்ஜரின் வயர் ஒன்றுதான். அதையும் பாதி நேரம் தேடிக்கொண்டிருப்பாள்.

"நீலம் நல்லாத்தான்ப்பா இருக்கும்" என்றாள். வேறு என்ன சொல்வது? போன ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்ன ஒரு சின்னப் பொய் இப்போது நூறடிக்கு வளர்ந்து, நீல நிறத்தில் வந்து நிற்கிறது.

அம்மா அக்டோபரில் இறந்துபோனாள். அதுவரை ஐலி அப்பாவோடு போனில் பேசியதாகவே சொல்ல முடியாது. மினியாபொலிஸிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை கூப்பிடுவாள். அப்பா எடுத்தால், "இந்தா, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்பார். இருபது வருஷமாக அவர் போனில் பேசிய வசனம் அது ஒன்றுதான். அம்மாவைப் புதைத்த பிறகு முதல் தடவை ஐலி கூப்பிட்டபோதும் பழக்க தோஷத்தில், "இந்தா, அம்மாகிட்ட" என்று ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் என்ன பேசினார்கள் என்பது இருவருக்குமே ஞாபகமில்லை.

அப்புறமும் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான். "அங்க எவ்வளவு குளிரு?" "மைனஸ் இருபத்திரண்டு." "இங்க மைனஸ் பதினாலு." "சரி, வச்சிடட்டுமா?" அவ்வளவுதான்.

போன ஞாயிறு மட்டும் அப்பா வைக்கவில்லை. "உன் ரூம் காலியாத்தான் கிடக்கு" என்றார். "அங்கேயிருந்தா என்ன, இங்கேயிருந்தா என்ன. உன் வேலை போன்லதானே."

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் காலில் விழுவது. மின்னசோட்டாவின் வடக்கே, இரும்புச் சுரங்க ஊர்களில், யாரும் யாரையும் 'வா' என்று வாய்விட்டுக் கூப்பிடுவதில்லை. 'மாட்டேன்' என்று சொல்வதுமில்லை. விருந்தில் தட்டில் கடைசித் துண்டு கேக் மிஞ்சினால், ஆளாளுக்கு அதில் பாதி, அந்தப் பாதியில் பாதி என்று வெட்டிக்கொண்டு, கடைசியில் எறும்புக்கும் பற்றாத ஒரு துணுக்கை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துபோகிறவர்கள் நாங்கள். எங்களுக்கு 'மாட்டேன்' வராது. காரணம்தான் வரும். கேட்டவர் அந்தக் காரணத்தை ஆராயக் கூடாது. புரிந்துகொண்டு, குளிரைப் பற்றிப் பேசப் போய்விட வேண்டும். அதுதான் முறை.

ஐலி முறைப்படிதான் சொன்னாள். "எங்க கம்பெனியில வை-ஃபை ஒத்துக்க மாட்டாங்கப்பா. வயர் வழியா வர்ற நெட்தான் வேணுமாம். என் ரூம்ல அதுக்கு பாயிண்டே இல்லையே."

ஆனால் அவள் சொன்னது ரெய்னோ காங்கஸிடம். நாற்பது வருஷம் பள்ளிக்கூட பஸ்களை ரிப்பேர் பார்த்தவர். அவரிடம் ஒன்று இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்க மாட்டார். என்ன சைஸ் என்றுதான் கேட்பார்.

"என்ன வயர்?" என்று கேட்டார் அப்பா. ஐலி சொல்லித் தொலைத்தாள்.

போகக் கூடாது என்று அவளுக்கு வீம்பு ஒன்றும் இல்லை. அந்தச் சமையலறை மேஜைக்கு மூன்று நாற்காலி. அம்மாவுடையது காலியாக இருப்பதைப் பார்த்தால் அவளுக்கு அழுகை வரும். அவள் அழுதால் அப்பா எழுந்து கார் ஷெட்டுக்குப் போய்விடுவார். அவள் மேஜையிலும் அவர் ஷெட்டிலுமாக எத்தனை நாள் இருப்பது? முப்பத்தொன்பது வயதில் அந்த அறைக்குத் திரும்பினால் பிறகு வெளியே வரவே மாட்டோம் என்ற பயமும் இருந்தது. இதையெல்லாம் அப்பாவிடம் சொல்ல முடியுமா? பாயிண்ட் இல்லை என்றுதான் சொல்ல முடியும்.

வயர் வாங்கிய மறுநாள் ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் அவளே கூப்பிட்டாள். எழுபத்தாறு வயது மனுஷர் நூறடி வயரோடு தனியாக என்ன செய்துகொண்டிருக்கிறாரோ என்று இருப்புக் கொள்ளவில்லை.

"மோடம் ஹால்லதானே இருக்கு. வயரைப் படியோரமா மேல ஏத்திட்டேன்" என்றார் அப்பா. "ஆடாம இருக்க ஆணி அடிச்சிருக்கேன். அறுபது."

"மோடம்ல லைட் எரியுதா?"

"எரியுது."

"மேல, அந்த முனையில?"

அப்பா மேலே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அங்க இல்ல."

"ஏதோ ஒரு ஆணி வயருக்குள்ள இறங்கியிருக்கும்ப்பா."

"எது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி. ஒண்ணொண்ணா பிடுங்கிப் பார்க்கிறேன். நீ லைன்லயே இரு."

அவள் லைனிலேயே இருந்தாள். அப்பா ஒரு ஆணியைப் பிடுங்குவார், எண்ணைச் சொல்வார், குனிந்து வயரைத் தடவிப் பார்ப்பார், "இது இல்ல" என்பார். நாற்பத்தேழாவது ஆணியில் கண்டுபிடித்தார். ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். அப்பாவும் மகளும் வாழ்நாளில் சேர்ந்தாற்போல் அதிக நேரம் பேசியது அன்றைக்குத்தான். பேசியது பெரும்பாலும் எண்கள் என்றாலும் பேச்சு பேச்சுதானே.

ஓட்டை விழுந்த வயரை மாற்றி வேறு வயர் போட்டுவிடுவார் என்று ஐலிக்குத் தெரியும். முந்திக்கொண்டாள்.

"படியில வயர் போனா கம்பெனியில ஒத்துக்க மாட்டாங்கப்பா. தடுக்கி விழுந்தா அவங்க பொறுப்பாயிடுமாம். ரூம் சுவர்லயே பாயிண்ட் இருக்கணும். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வாங்க."

"போட்டோவா?"

"ம்."

"உருப்படியான கம்பெனிதான்" என்றார் அப்பா மதிப்போடு. "அவங்க கேக்கிறது நியாயம்."

ஐலி போனை வைத்துவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு பொய்யே அதிகம். இப்போது அதற்குப் போட்டோ வேறு.

அடுத்த வாரம் அப்பா வயரைக் கைவிட்டுவிட்டு மின்சாரத்துக்குப் போனார்.

"டுவேன் ரெண்டு பெட்டி குடுத்தான். ஒண்ணைக் கீழ கரண்ட் பிளக்ல சொருகணும், ஒண்ணை உன் ரூம் பிளக்ல. கரண்ட் போற வயர்லயே நெட்டும் போயிடுமாம். வேலை செய்யுதும்மா! ஆனா அப்பப்ப செத்துப்போகுது."

"அப்பப்பன்னா?"

அப்பா நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். பஸ் டிப்போவில் எத்தனை வருஷம் குறித்திருப்பார்! ஒன்பது ஐந்துக்குப் போய், ஒன்பது பதினாறுக்கு வந்து, ஒன்பது முப்பத்தெட்டுக்குப் போய், என்று ஒரு பக்கம் வாசித்தார். ஐலிக்கு அதில் ஏதோ ஒழுங்கு இருப்பதாகப் பட்டது. பத்து நிமிஷம் யோசித்து, ஃபிரிட்ஜ் ஓடும்போதெல்லாம் நெட் போகிறது என்று கண்டுபிடித்தாள். தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை கூப்பிட்டபோது அப்பா, "இப்ப ஜம்முனு வருது. ஃபிரிட்ஜை நிறுத்திட்டேன்" என்றார்.

"எப்ப நிறுத்தினீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"அப்பா! மான் கறி இருந்ததே! குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுறதுக்கு வச்சிருந்தீங்களே!"

"இருந்தது."

"வெளிய பனியில வச்சிருக்கலாமே? மைனஸ் இருபதுல அது எங்க கெட்டுப்போகப் போகுது?"

"வச்சேனே. நரி வந்துடுச்சு." அப்பா சற்று யோசித்தார். "குடும்பத்தோட வந்திருக்கும்போல. எலும்புகூட மிஞ்சல."

"எனக்காக ஃபிரிட்ஜை நிறுத்தினா அப்புறம் நான் அங்க என்னத்தைச் சாப்பிடறது?"

கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது. அப்பாவின் குரல் மாறிவிட்டது.

"நீ வந்தா என்னென்ன சாப்பிடுவேன்னு சொல்லு. எனக்குத் தெரியாது. அதெல்லாம் உங்கம்மாவுக்குத்தான் தெரியும். சொன்னா எழுதி வச்சுக்குவேன்."

பென்சில் தேடும் சத்தம் அந்தப் பக்கம் கேட்டது. ஓட்ஸ் என்றாள் ஐலி. ஆரஞ்சு என்றாள். ஏலக்காய் ரொட்டி என்று சொல்ல வந்து, அது அம்மா செய்வது என்பதால் நிறுத்திக்கொண்டாள். கடைசியில், "கரண்ட் வழியா வர்றதும் கம்பெனியில கூடாதாம்ப்பா" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஓ. சரி. வேற வழி பார்ப்போம்" என்றார் அப்பா. ஏமாற்றமே இல்லாமல் சொன்னார். அதுதான் அவளை இன்னும் கொன்றது.

இப்படியே பிப்ரவரி போய் மார்ச் வந்தது. ஐந்து மணி ஆனதும் ஐலி கூப்பிடுவாள். ஐந்து மணி ஐந்து நிமிஷம் ஆகிவிட்டால் அப்பா கூப்பிடுவார். சாப்பாட்டு இடைவேளையில் அவள் நெட் வயரிங் பற்றிப் படிக்க ஆரம்பித்திருந்தாள். ஒரு தாளில் வீட்டை நினைவிலிருந்தே வரைந்தாள். எந்தச் சுவருக்குப் பின்னால் குழாய், எந்தப் படி கிறீச்சிடும் என்பதெல்லாம் கையிலிருந்து தானாக வந்தது. இல்லாத பிரச்சினைக்கு இத்தனை பாடுபட்ட ஆள் அந்த மாநிலத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

ஒருநாள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்பா! மாடியிலேர்ந்து நிலவறைக்கு அழுக்குத் துணி போடற தகரக் குழாய் இருக்கே! மோடத்தை நிலவறைக்குக் கொண்டுபோயிட்டு, வயரை அது வழியா விட்டா?" என்று கத்தினாள்.

"அடடா!" என்றார் அப்பா.

கத்தி முடித்த பிறகுதான் தான் யார் கட்சி என்று ஐலிக்குச் சந்தேகம் வந்தது.

மறுநாள் அவரே கூப்பிட்டார். "வயர் கனமில்லாம பாதியிலேயே நிக்குது. அதனால நுனியில ஸ்பானரைக் கட்டி விட்டேன்."

"எவ்வளவு பெரிய ஸ்பானர்?"

"பஸ் டயருக்குப் போடறது."

"இறங்கிச்சா?"

"இறங்கிச்சு. வயரை விட்டுட்டு அது மட்டும் தனியா இறங்கிச்சு. கீழ வாஷிங் மெஷின் இருந்ததில்ல?"

"இருந்ததா?"

"மூடி கண்ணாடிதானே. மெஷின் ஓடும், மூடாம ஓட்டினா தண்ணி மேல அடிக்கும். அவ்வளவுதான்." தொண்டையைச் செருமினார். "ஐலி. வயர் ஏன் நின்னுச்சுன்னு கம்பி விட்டு இழுத்துப் பார்த்தேன். உள்ள ஒண்ணு சிக்கியிருந்தது."

"என்ன?"

"உங்கம்மாவோட கையுறை. நீலக் கம்பளி. ஒத்தை. நான்தான் தொலைச்சேன்னு அந்த வருஷம் பூரா என்னைத் திட்டினா."

ஐலிக்கு அது ஞாபகம் இருந்தது. அழுகை வந்தது. இதுபோன்ற நேரத்தில் அப்பா வழக்கமாக ஷெட்டுக்குப் போய்விடுவார். ஆனால் போன் கையில் இருக்க எங்கே போவது? இருந்த இடத்திலேயே மூக்கை உறிஞ்சினார். அவளும் உறிஞ்சினாள். அம்மா போய் ஐந்து மாதத்தில் அவர்கள் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. இருநூறு மைல் இடைவெளியில், நெட் பாயிண்ட் விஷயமாக.

"காஞ்சுபோயிருக்கு. மத்தபடி நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா கடைசியாக. "குழாய் வழி வேண்டாம்மா. அதை இனிமே தொட வேண்டாம்."

"வேண்டாம்ப்பா" என்றாள் ஐலி.

அதற்குப் பிறகு டிரில்லிங் மெஷின் வந்தது. டுவேன் கடையில்தான். இரண்டு அங்குல அகலத்துக்கு ஓட்டை போடுகிற மெஷின் என்றார் அப்பா. நிலவறையில் நின்று மேல்நோக்கித் துளை போட்டார். முதல் துளை ஹால் சோபாவுக்கு அடியில் வந்தது. இரண்டாவது, சோபாவுக்குள்ளேயே வந்தது. மூன்றாவது எங்கே போனது என்று தெரியவில்லை. மொத்தம் ஏழு.

சனிக்கிழமை சாயங்காலம் விடை தெரிந்தது. சனிக்கிழமைதோறும் நிலவறையில் இருக்கும் சோனா அறையைச் சூடாக்கி, கல்லில் தண்ணீர் ஊற்றி, அந்த நீராவியில் உட்கார்ந்து வேர்ப்பது எங்கள் ஃபின்னிஷ் வீடுகளில் வழக்கம். அம்மா இறந்த வாரத்தில்கூட அப்பா அதை விடவில்லை.

"உன் ரூமுக்கு ஒண்ணு வர ஆரம்பிச்சிடுச்சு" என்றார் போனில்.

"நெட்டா?"

"நீராவி. அந்த மூணாவது ஓட்டை சோனா கூரையில விழுந்து, சுவர் இடுக்கு வழியா நேரா உன் ரூமுக்குப் போகுது. ரோஜாப்பூ போட்ட வால்பேப்பர் இருந்ததே, அது உரிஞ்சு தொங்குது. உனக்கு அது பிடிச்சிருந்ததா?"

"பிடிக்காதுப்பா."

"அப்ப நல்லதாப் போச்சு."

இனி உள்பக்கம் வேண்டாம், வெளிச்சுவர் வழியாக ஏணி போட்டு ஜன்னல் பக்கம் வயரைக் கொண்டுபோகிறேன் என்றார். பனி உருகாத ஏப்ரலில் ஏணியா? வேண்டவே வேண்டாம் என்று ஐலி கெஞ்சினாள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அவள் கூப்பிட்டபோது அவர் குரல் காற்றில் பறந்தது.

"எங்க இருக்கீங்க?"

"உன் ஜன்னலுக்கு வெளியில. இரு, ரெண்டு கையும் வேணும். போனை பாக்கெட்ல..."

தடால் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. ஐலி "அப்பா, அப்பா" என்று கத்தினாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. மூன்று ஆயிற்று. வாழ்நாளில் அவள் சொன்ன எல்லாப் பொய்களும் ஒன்றாய்ச் சேர்ந்து அவள் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தன.

"ஏணி விழுந்துடுச்சு" என்றது அப்பாவின் குரல்.

"நீங்க?"

"நான் விழல. ஜன்னல் கட்டையைப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் ஜன்னல் வழியா உள்ள வந்துட்டேன். உன் கட்டில்லதான் உட்கார்ந்திருக்கேன். கட்டில் நல்லாத்தான் இருக்கு."

மறுநாள் காலை ஐலி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மூன்றரை மணி நேரமும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். 'அப்பா, வயர் எதுவும் வேண்டாம், நான் சொன்னது பொய்.' ஏரிகள் எல்லாம் இன்னும் உறைந்துதான் கிடந்தன. ஊர் எல்லைக்கு வந்தபோது வாக்கியம் நன்றாகப் பழகிவிட்டது.

வீடு குண்டு போட்ட மாதிரி இருந்தது. படியில் அறுபது ஆணித்தழும்பு. சோபாவில் ஓட்டை. மேலே அவள் அறையில் மட்டும் வால்பேப்பரைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, வெள்ளை பெயிண்ட் அடித்து, ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டிருந்தார். கட்டிலில் புது விரிப்பு. கீழே புது ஃபிரிட்ஜ் மாதிரி துடைத்த பழைய ஃபிரிட்ஜுக்குள் ஓட்ஸ், ஆரஞ்சு. ஓட்ஸை யாராவது ஃபிரிட்ஜில் வைப்பார்களா? அவள் கதவை மூடிவிட்டுத் திரும்பினாள்.

அப்பா இளைத்திருந்தார். காப்பி ஊற்றிக் கொடுத்தார். மூன்று நாற்காலியில் அவர் தன்னுடையதில் உட்கார, அவள் தன்னுடையதில் உட்கார்ந்தாள்.

"அப்பா, வயர்..."

"சொல்லு."

"வயர்..." பழகிய வாக்கியம் மூன்றரை மணி நேரப் பயணத்தில் எங்கோ விழுந்துவிட்டது. "வயரை என் அலமாரிக்குப் பின்னால கொண்டுபோயிருக்கலாம். அங்க தண்ணிக் குழாய் ஓடுது. அது பக்கத்துல இடம் இருக்கும்."

அப்பா அவளைப் பார்த்தார். "இருக்கும்" என்றார். "பார்ப்போமா?"

அவள் அலமாரிக்குள் மண்டியிட்டாள். அப்பா நிலவறையில் நின்றார். குழாயோரமாக இருந்த இடைவெளி வழியாக அவர் குரல் பக்கத்தில் நிற்பவர் குரல்போலக் கேட்டது.

"வருதா?"

"வரலப்பா. கொஞ்சம் இடது பக்கம்."

"என் இடமா, உன் இடமா?"

"நான் தலைகீழா கிடக்கேன்ப்பா. எனக்கு எது இடம்னு எனக்கே தெரியல."

கீழே அப்பா சிரித்தார். அவர் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று ஐலிக்குத் தோன்றியது. அந்தச் சுவர் இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்திருந்தால் வயர் வந்து சேர இன்னும் நேரமாகியிருக்கும்.

"வந்துடுச்சு! இழுக்காதீங்க! பிடிச்சுட்டேன்!"

மிச்சத்தை அவளே செய்தாள். வயருக்குள் இருந்த எட்டுச் சின்ன இழைகளையும் நிறம் பார்த்து வரிசையில் வைத்து, அழுத்தி, சுவர்ப்பெட்டியில் பொருத்தினாள். லேப்டாப்பைச் சொருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. மூன்று மாதப் பாடு, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அப்பா மேலே வந்து வாசலில் நின்று அந்த விளக்கைப் பார்த்தார். அவர் துள்ளிக் குதிப்பார் என்று ஐலி எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் முகம் அப்படித் தொங்கிப்போகும் என்றும் எதிர்பார்க்கவில்லை.

"ஆயிடுச்சு" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"வேற ஒண்ணும் பாக்கி இல்ல?"

அவளுடைய பதிலுக்குத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்தாள். இதோ, வயர் இருக்கிறது, பாயிண்ட் இருக்கிறது, இனி என்ன சொல்வாய்? அவளிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. வாயைத் திறந்தாள். அப்பா சட்டென்று குனிந்து சுவர்ப்பெட்டியைத் தடவினார்.

"மூடி இல்லையே! மூடி போடாம ஆயிடுச்சுன்னு சொல்ல முடியாது. டுவேன் கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வா. வெள்ளையில. இல்லைன்னு சொன்னா அவசரப்படுத்தாத. அடுத்த மாசம் வரட்டும். ஒண்ணும் கெட்டுப்போகாது."

டுவேன் கடை நாலு தெரு தள்ளி இருந்தது. ஆணி, பெயிண்ட், மீன் தூண்டில், நாய்ச்சங்கிலி எல்லாம் விற்கிற கடை. டுவேனுக்கு அறுபது வயது இருக்கும். ஐலியைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"சுவர்ல போடற நெட் பாயிண்ட்டுக்கு ஒரு மூடி வேணும் டுவேன். வெள்ளையில. அப்பா கேட்டார்."

"மூடியா?" டுவேன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பிப்ரவரியிலேயே ஆறு மூடி வாங்கிட்டுப் போனாரே. எல்லாம் வெள்ளைதான்."

ஐலிக்குப் பகீர் என்றது. அப்பாவுக்கு மறதி ஆரம்பித்துவிட்டதா? அம்மா இல்லாமல், தனியாக, மறதியோடு. அந்தப் பயம் அவளுக்குள் கோபமாகத் திரும்பி, கண்ணெதிரே நின்ற டுவேன்மேல் பாய்ந்தது.

"அவருக்கு ஞாபகம் இருக்காது. எப்படி இருக்கும்? நீங்க வாராவாரம் ஒண்ணைத் தலையில கட்டினா? எழுபத்தாறு வயசு ஆளுக்கு ரெண்டு அங்குல டிரில்லிங் மெஷினை யாராவது விப்பாங்களா? நேத்து ஏணியிலேர்ந்து விழ இருந்தார் தெரியுமா? செத்திருப்பார்! எதுக்கு? ஒண்ணுமில்லாததுக்கு!"

"ஐலி..."

"வயரே வேண்டாம் டுவேன்! கம்பெனியில அப்படி யாரும் கேக்கல. நான்தான் சொன்னேன். அம்மா இல்லாத வீட்டுக்கு வர எனக்குப் பயமா இருந்தது. அதை அவர்கிட்ட சொல்ல வாய் வரல. கட்டில்ல படுத்துக்கிட்டு வை-ஃபையிலதான் வேலை பார்க்கிறேன், ஏழு வருஷமா. அந்த மனுஷர் என் ஒரு பொய்யை நம்பி வீட்டையே ஓட்டை போட்டு வச்சிருக்கார். இன்னிக்குக்கூட சொல்ல முடியல. நீங்களாவது இனிமே அவருக்கு எதையும் விக்காதீங்க."

கவுண்டரில் இருந்த கை துடைக்கும் காகிதங்களில் ஒன்றை உருவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவுக்காக மூன்றரை மணி நேரம் பழகிய வாக்கியத்தைக் கடைசியில் ஆணிக்கடையில் கொட்டியாயிற்று.

டுவேன் அவசரப்படவில்லை. இன்னொரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"என் பொண்டாட்டி கிளென்டாவும் உங்க கம்பெனிதான்மா, எங்க சமையலறையில வை-ஃபையிலதான் வேலை பார்க்கிறா. நூறடி வயர் வாங்க வந்த அன்னிக்கே உங்கப்பாகிட்ட வயரே வேண்டாமேன்னு சொல்லிட்டேன். 'எனக்கும் தெரியும் டுவேன், நீ வயரைக் குடு, இது சரியாகாத வரைக்கும் அவ தினமும் கூப்பிடுவா'ன்னார்."